ஜிஎஸ்எம் பார்க்கும் மாமாவும் சேலஞ்ச் ஓட்டும்

2024 ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை, நாடாளுமன்றத் தேர்தல். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் காலை ஏழு மணிக்கே வேப்பமரம் வரைக்கும் வரிசை நின்றது. வெயில் ஏறுவதற்குள் போட்டுவிட்டுப் போய்விடலாம் என்று எல்லோருக்கும் ஒரே யோசனை. எட்டரை மணி வாக்கில் மாமா வந்தார். அம்மாவின் தம்பி. சலவை வேட்டி, பின்னால் அத்தை, மகன், மருமகள். கல்யாணத்துக்கு வந்த மாதிரி எல்லோருக்கும் கும்பிடு போட்டுக்கொண்டே உள்ளே போனவர் கால்மணி நேரத்தில் முகம் சிவந்து வெளியே வந்தார். நாலு பேர் பெயரும் பட்டியலில் இல்லை.

இல்லாததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. திருப்பூர் வீட்டைக் கொடுத்துவிட்டு ஊரோடு வந்து இரண்டரை வருடம் ஆகிறது, முகவரி மாற்றப் படிவம் 8 என்று ஒன்று இருப்பது அந்த வீட்டில் யாருக்கும் நினைவே வரவில்லை, பழைய பூத்திலாவது பெயர் இருக்கிறதா என்றும் பார்க்கவில்லை. மாமாவுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டும் இல்லை. உள்ளே இருந்த அலுவலரிடம் ஆதார் அட்டையை நீட்டி, “பேரு இல்லாட்டிப் பரவால்லீங்க, சேலஞ்ச் ஓட்டுப் போடறனுங்க, அந்தப் பாரத்தைக் குடுங்க” என்றிருக்கிறார். அப்படி ஒரு பாரம் கிடையாது என்று அவர் சொல்ல, “செக்சன் 49ஏ தெரியாம எப்படிங்க எலெக்சன் டூட்டிக்கு வந்தீங்க” என்று இவர் சத்தம் போட, கடைசியில் போலீஸ்காரர் ஒருவர் தோளில் கைபோட்டுப் பக்குவமாக வெளியே கூட்டி வந்தார்.

அந்த 49ஏ எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். தேர்தலுக்குத் தேர்தல் வருகிற வாட்ஸ்அப் சரக்குதான். பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் ஆதாரைக் காட்டி சேலஞ்ச் ஓட்டு போடலாம், உங்கள் ஓட்டை வேறு யாராவது போட்டிருந்தால் டெண்டர் ஓட்டு கேளுங்கள், ஒரு பூத்தில் 14 சதவீதத்துக்கு மேல் டெண்டர் ஓட்டு விழுந்தால் மறுதேர்தல் நடக்கும், எல்லோருக்கும் பகிருங்கள், நாட்டைக் காப்பாற்றுங்கள். இதில் வேடிக்கை என்னவென்றால் சேலஞ்ச் ஓட்டு என்று ஒன்று உண்மையாகவே இருக்கிறது. பூத்துக்குள் உட்கார்ந்திருக்கும் ஏஜெண்ட், வந்திருப்பவர் அந்த ஆளே இல்லை என்று சந்தேகப்பட்டால் இரண்டு ரூபாய் கட்டி ஆட்சேபம் சொல்லலாம், வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் விசாரித்து முடிவு சொல்வார். அதாவது சேலஞ்ச் செய்கிறவர் ஏஜெண்ட், நாம் இல்லை. டெண்டர் ஓட்டும் உண்டு, காகிதச் சீட்டில் போட்டு உறையில் வைத்து முத்திரையிட்டுத் தனியாக வைப்பார்கள், சாதாரணமாக எண்ணிக்கையில் சேராது. 14 சதவீதம் என்பது மட்டும் எந்தச் சட்டத்திலும் இல்லை. ஆனால் அந்த எண்தானே செய்திக்கு ஒரு கெத்தைக் கொடுக்கிறது! 15 என்று போட்டிருந்தால் ஒருவேளை நம்பியிருக்க மாட்டோம்.

மார்ச் தொடக்கத்திலேயே, அதாவது தேர்தல் தேதியே அறிவிக்காத நேரத்தில், மாமா இதை எங்கள் சொந்தக்காரர்கள் இருக்கும் ‘ஒறம்பரை’ குரூப்பில் போட்டிருந்தார். இது தப்புங்க மாமா, பட்டியலில் பேர் இருக்குதான்னு இப்பவே பாத்துக்குங்க, இன்னும் நாள் இருக்குது என்று நான் எழுதினேன். பதில் வந்தது: “மாப்ள ரொம்பப் படிச்சுட்டாரு.” அதற்குக் கீழே சிரிக்கும் பொம்மைகள் ஏழோ எட்டோ. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இந்த ‘ரொம்பப் படிச்சுட்டாரு’ என்பதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், மாமா முட்டாள் கிடையாது. முப்பது வருடமாகத் திருப்பூரில் துணி வாங்கி விற்கிறவர். நான் துணி பின்னும் நிட்டிங் யூனிட் வைத்திருக்கிறேன், என் துணி ரோலையே ரெண்டு தடவை திருப்பி அனுப்பியிருக்கிறார். துணியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு உருட்டு உருட்டுவார். “நூத்தி எம்பது ஜிஎஸ்எம்னு சொன்ன, இது நூத்தி எழுவத்தஞ்சைத் தாண்டாது மாப்ள.” ஜிஎஸ்எம் என்றால் ஒரு சதுர மீட்டர் துணிக்கு எத்தனை கிராம் என்பது. வட்டமாக வெட்டித் தராசில் வைத்தால் 174 காட்டும். நூல் எந்த மில், என்ன கவுண்ட், சாயம் எந்தப் பட்டறை, புதிதாகக் கடன் கேட்கிறவன் இதற்கு முன்னால் யாரிடம் வாங்கினான், அவனுக்கு எவ்வளவு பாக்கி நிற்கிறது, இத்தனையும் நாலு இடத்தில் போன் போட்டு விசாரிக்காமல் ஒரு ரூபாய் இறக்க மாட்டார். சொந்த அக்கா மகன் என்று எனக்கே சலுகை இல்லை. அப்படிப்பட்ட மனுசன், யார் எழுதினது என்றே தெரியாத ஒரு செய்தியை நம்பிக் குடும்பத்தோடு பூத்துக்குப் போய் நின்றார்.

துணி ஐந்து கிராம் குறைந்தால் நஷ்டம் அவருடையது. நாட்டைப் பற்றி ஒரு பொய்யை நம்பினால் நஷ்டம் எல்லோருக்கும் பங்கு போட்டுப் போகிறது, அவர் பங்குக்கு ஒரு பைசாகூட வராது. அந்தோணி டவுன்ஸ் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1957-லேயே இந்தக் கணக்கைப் போட்டுவிட்டார். ஒரு ஓட்டு முடிவை மாற்றும் வாய்ப்பு ரொம்பக் குறைவு, விஷயத்தைச் சரியாகத் தெரிந்துகொள்ள ஆகும் நேரமும் உழைப்பும் அதிகம், அதனால் தெரியாமலே இருந்துவிடுவதுதான் ஒரு சாதாரண மனிதனுக்குக் கட்டுப்படியாகும் என்றார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் டவுன்ஸ் சொல்வது சும்மா இருக்கிறவனைப் பற்றி. மாமா சும்மா இருக்கவில்லையே, 43 பேர் இருக்கும் குரூப்பில் போட்டார், தப்பு என்று சொன்னவனைப் பார்த்துச் சிரித்தார். தெரியாமல் இருப்பது ஒன்று, தெரிந்துகொள்ளப் பார்க்கிறவனைக் கேலி செய்து உட்கார வைப்பது வேறொன்று. முதலாவதை ஜனநாயகம் எப்படியோ தாங்கிக்கொள்ளும், எல்லோருக்கும் எல்லாம் தெரிந்த நாடு எங்கும் இல்லை. இரண்டாவதுதான் எனக்கு வெசனமாக இருக்கிறது.

எங்கள் பக்கம் இந்தக் கேலிக்குப் பழமொழிப் பலமே உண்டு. ‘படிச்சவன் பாட்டைக் கெடுத்தான், எழுதுனவன் ஏட்டைக் கெடுத்தான்’. ‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’. அப்புறம் கடைசி அஸ்திரமாக ஜி.டி.நாயுடு. “ஜி.டி.நாயுடு எந்தக் காலேஜுல படிச்சாருங்?” இந்தக் கேள்வியைக் கேட்காத டீக்கடை கோயம்புத்தூரிலிருந்து காங்கேயம் வரைக்கும் இருக்காது. கேட்கிறவர் பெரும்பாலும் தான் ஒன்றும் படிக்காததை நியாயப்படுத்தத்தான் கேட்கிறார். கலங்கலில் பிறந்த அந்த மனுசர் பள்ளிக்கூடத்தில் அதிக நாள் உட்காரவில்லை என்பது உண்மைதான். ஆனால் மோட்டாரைப் பிரித்துப் பார்க்கிற வெறியும் எதையும் சோதித்துப் பார்க்காமல் விடாத புத்தியும் இருந்த ஆள் அவர். 1945-இல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்லூரி வந்ததற்குப் பின்னால் அவர் இருந்தார், அதுதான் இன்றைக்கு அரசு தொழில்நுட்பக் கல்லூரி, ஜிசிடி. காலேஜுக்கே போகாதவர் காலேஜ் தொடங்கிவைத்ததை விட்டுவிட்டு, போகாததை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

அதற்காகக் கொங்கு நாட்டுக்காரன் அறிவியலுக்கு எதிரி என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். கோவையில் 1912-இல் கரும்பு இனப்பெருக்க நிலையம் வந்தது. அங்கே உருவான ரகங்களுக்கெல்லாம் ‘கோ’ என்றுதான் பெயர் தொடங்கும், 1918-இல் வெளிவந்த கோ 205-இலிருந்து இன்றைக்கு எங்கள் தோட்டத்தில் நிற்கும் கோ 86032 வரைக்கும். கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த எங்கள் அப்பாரு, அதாவது தாத்தா, “எம்பத்தாறு முப்பத்திரண்டு” என்று வாய் நிறையச் சொல்லுவார், பக்கத்துத் தோட்டத்துக்காரர் எத்தனை டன் எடுத்தார் என்று பார்த்துவிட்டுத்தான் அவரும் கரணை வாங்கினார். யாரும் அவருக்கு விஞ்ஞானத்தை நம்பு என்று வகுப்பு எடுக்கவில்லை. விளைச்சல் கண்ணுக்குத் தெரிந்தது, காசு கைக்கு வந்தது. கண்ணுக்குத் தெரியாத, கைக்கு வராத விஷயத்தில்தான் நாம் சறுக்குகிறோம்.

கூட்டமாகச் சேர்ந்தாலே புத்தி கெட்டுவிடும் என்றும் சொல்ல முடியாது. 1906-இல் இங்கிலாந்தில் பிளிமத் என்ற ஊரில் ஒரு கால்நடைச் சந்தை. ஒரு கொழுத்த மாட்டைக் காட்டி, அறுத்துச் சுத்தம் செய்தால் என்ன எடை வரும் என்று ஊகிக்கிற போட்டி. ஆறு பென்னி சீட்டு. பிரான்சிஸ் கால்டன் என்ற அறிஞர் போட்டி முடிந்ததும் சீட்டுகளை வாங்கி ஆராய்ந்தார், படிக்க முடிந்தவை 787. வரிசையாக அடுக்கி நடுவில் வந்த எண்ணைப் பார்த்தால் 1207 பவுண்டு. உண்மையான எடை 1198. கசாப்புக்காரர்களும் விவசாயிகளும் சும்மா வேடிக்கை பார்க்க வந்தவர்களும் சேர்ந்து போட்ட கணக்கு அவ்வளவு நெருக்கமாக வந்தது. மாட்டைப் பற்றி அந்தச் சந்தைக்காரனுக்கு இருந்த அறிவும், அரசியலைப் பற்றிச் சாதாரண வாக்காளனுக்கு இருக்கும் அறிவும் ஏறக்குறைய ஒரே அளவுதான் என்று கால்டனே எழுதினார். அவருக்கே அந்த முடிவு ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும், ஏனென்றால் பொதுஜனத்தின் புத்தியைப் பற்றி அவருக்கு அதுவரை உயர்ந்த எண்ணம் கிடையாது.

இதைப் படித்தபோது எனக்குக் கண்ணபுரம் சந்தைதான் ஞாபகம் வந்தது. வெள்ளகோவில் பக்கம், மாரியம்மன் கோயில் திருவிழாவை ஒட்டிச் சித்திரையில் கூடும், காங்கேயம் காளைகள் வரிசையாக நிற்கும். சின்ன வயதில் அப்பாரு கூடப் போயிருக்கிறேன். அங்கே விலையை வாயால் பேச மாட்டார்கள். தரகர் கையும் வாங்குகிறவர் கையும் ஒரு துண்டுக்கு அடியில் போகும், விரலை அழுத்தி அழுத்தியே பேரம் நடக்கும், வெளியே நிற்கிற எங்களுக்கு ரெண்டு பேர் மூஞ்சியும் மட்டும்தான் தெரியும். எதுக்குங்க அப்பாரு துண்டு என்று கேட்டேன். “பக்கத்துல நிக்கறவன் வெலை நம்ம காதுல உளுந்தா அப்பறம் நம்ம கண்ணு மாட்டைப் பாக்காது சாமி.”

கால்டன் சந்தையிலும் இதேதான் நடந்திருக்கிறது. ஒவ்வொருவரும் தன் கண்ணால் பார்த்துத் தன் சீட்டில் தனியாக எழுதினார்கள். ஒருத்தன் கூடச் சொல்வான், ஒருத்தன் குறைத்துச் சொல்வான், தப்புக்குத் தப்பு கழிந்துவிடும். எல்லோரும் ஒரே பெரிய மனுசன் வாயைப் பார்த்து எழுதியிருந்தால்? ஒரே தப்பு 787 தடவை. வாட்ஸ்அப் குரூப் என்பது துண்டை உருவிவிட்ட சந்தை. முதலில் பேசுகிறவர் விலை வைக்கிறார், மற்றவர்கள் கட்டைவிரலைத் தூக்குகிறார்கள். நம் ஓட்டுச் சாவடியில் அட்டை வைத்து மறைக்கிறார்களே, அதுவும் ஒரு துண்டுதான், ஆனால் அதற்கு முந்தைய ஐந்து வருடமும் துண்டே இல்லாமல் கிடக்கிறோம்.

பொய்யினால் யாருக்கும் நேரடியாக நஷ்டம் இல்லை என்று மேலே சொன்னேன். 2023 மார்ச்சில் அதுவும் பொய்யாகப் போனது. தமிழ்நாட்டில், குறிப்பாகத் திருப்பூர், கோவைப் பக்கம், பீகார்த் தொழிலாளர்களை அடிக்கிறார்கள், கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் வடக்கே பரவின. எங்கேயோ எப்போதோ நடந்த வேறு சண்டைகளை வெட்டி ஒட்டியவை. காவல்துறை மறுத்தது, டிஜிபியே வீடியோவில் வந்து பேசினார், பீகார் அரசு ஒரு குழுவை அனுப்பி இங்கே வந்து விசாரித்துப் போனது, பரப்பிய யூடியூபர் ஒருவர் கைதானார். அதற்குள் ஹோலிக்கு ஊருக்குப் போக இருந்தவர்களோடு சேர்ந்து, போக நினைக்காதவர்களும் பெட்டியைக் கட்டிவிட்டார்கள். என் யூனிட்டில் மூன்று மெசின் நின்றது. மாமாவுக்குக் கொடுக்க வேண்டிய ஆர்டர் தள்ளிப் போனது. மாமா கொதித்தார். “எவனோ ஒரு வீடியோ போட்டானாம், இவனுங்க எதையும் விசாரிக்காம நம்பிப் பெட்டியைத் தூக்கறானுங்களாம். கூறே இல்லியா மாப்ள இவனுங்களுக்கு?” அன்றைக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. சேலஞ்ச் ஓட்டு அப்போது இன்னும் ஒரு வருடம் தள்ளி இருந்தது.

மாமாவையே சொல்லிக்கொண்டிருந்தால் எப்படி, என் கதையையும் சொல்கிறேன்.

நொய்யல் ஆற்று விவகாரம். ஒரத்துப்பாளையம் அணை 1992-இல் விவசாயத்துக்காகக் கட்டியது, கடைசியில் சாயத் தண்ணீர் தேங்கும் குட்டையாக ஆனது ஊருக்கே தெரியும். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம், சொட்டுக் கழிவுகூட வெளியே விடாத நிலை வரும்வரை சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதற்குச் சில வருடம் முன்னால் நடந்த ஒரு கூட்டம். கீழ்ப் பகுதியிலிருந்து ஒரு வாத்தியார் வந்திருந்தார், சட்டைப் பையில் பேனா மாதிரி, தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் டிடிஎஸ் மீட்டர். கிணற்றுத் தண்ணீரைப் பாட்டில் பாட்டிலாகக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். தண்ணீர் பார்க்கப் பளிங்கு மாதிரி இருந்தது. கூட்டத்தில் ஒருவர் எழுந்து, “ஏனுங் வாத்தியாரே, இதுல எங்கீங்க சாயம்?” என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும்தான், பின்வரிசையில் உட்கார்ந்து கைதட்டிச் சிரித்தேன்.

எனக்கு அப்போது தெரியாதது இதுதான். சாயத்துக்கு நிறம் பிடிக்க உப்பு கொட்டுகிறோம். சுத்திகரிப்பில் நிறத்தை எடுத்துவிடலாம், உப்பு தண்ணீரில் கரைந்தே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. குடிக்கிற தண்ணீரில் டிடிஎஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லை என்றால் 2000 வரை போகலாம் என்பது தர அளவு. அவர் மீட்டர் காட்டியது அதையெல்லாம் தாண்டி எங்கேயோ. ஆனால் நாங்கள் நிறத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னோம். என் தொழிலே கண்ணை நம்பாமல் தராசில் வைத்துப் பார்க்கிற தொழில், அந்த ஆளும் அதைத்தான் செய்தார், அவர் கையில் இருந்த தராசு எங்களுக்குப் பிடிக்காத எடையைக் காட்டியது, அவ்வளவுதான். மூடின மாதங்களில் என் மெசின்கள் நின்றபோது அந்த வாத்தியாரைத்தான் திட்டினேன். அப்புறம் உப்பைப் பிரிக்கும் ஆர்ஓ, ஆவியாக்கி என்று ஒவ்வொன்றாக வந்து தொழிலும் எழுந்துகொண்டது. முதல் பாட்டிலைக் காட்டியபோதே கேட்டிருந்தால் எத்தனை கிணறு பிழைத்திருக்கும் என்று இப்போது கணக்குப் போட்டு என்ன செய்ய.

ஆகவே அறியாமை என்றால் படிக்காதவனுடைய நோய் என்று நான் நினைக்கவில்லை. அன்றைக்குச் சிரித்ததில் பாதிப்பேர் பட்டதாரிகள்.

படித்தவர்கள் பக்கமும் கொஞ்சம் போவோம். கீழ்பவானி வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடுகிற பிரச்சினை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பவானிசாகரிலிருந்து 200 கிலோமீட்டர் வருகிற மண் வாய்க்கால், 2,07,000 ஏக்கர் பாசனம், ஒரு போகத்துக்கு அதில் பாதிப் பரப்பு என்று முறை வைத்து விடுவார்கள். கரையும் தரையும் கான்கிரீட் ஆனால் கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேரும் என்று ஒரு பக்கம். கசிவு நீர் நின்றுபோனால் எங்கள் கிணறும் தென்னையும் போச்சு என்று மறுபக்கம். ரெண்டு பக்கமும் விவசாயிகள், ரெண்டு பக்கமும் என் ஒறம்பரை இருக்கிறார்கள், கல்யாண வீட்டில் பந்தியில் யார் பக்கத்தில் உட்காருவது என்பதே யோசிக்க வேண்டிய விஷயமாகிவிட்டது. ரெண்டு பக்கமும் ஓரளவு உண்மை இருக்கிற வழக்கு இது, அதனால்தான் அளந்து பார்த்துப் பேச வேண்டிய வழக்கும்.

ஒரு கூட்டத்துக்கு ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவரைக் கூட்டி வந்திருந்தார்கள். நல்ல மனுசர், விஷயம் தெரிந்தவர், அதில் சந்தேகம் இல்லை. முக்கால் மணி நேரம் பேசினார், க்யூசெக்ஸ், டிஸ்சார்ஜ், சீப்பேஜ் லாஸ், கன்வேயன்ஸ் எபிசியன்சி. பேசி முடித்ததும் எண்பது வயதுப் பெரியவர் ஒருவர் எழுந்தார். “எல்லாஞ் செரிங்க. என்ற கெணத்துல தண்ணி நிக்குமா, நிக்காதுங்களா?” பொறியாளர் சிரித்துக்கொண்டே, “ஐயா, அது அவ்வளவு சிம்பிளாச் சொல்ற விஷயம் இல்லைங்க, உங்களுக்குப் புரியறாப்பல சொல்றது கஷ்டம்” என்றார். பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அவரை இனிமேல் எந்த நிபுணர் வந்தாலும் உட்கார வைக்க முடியாது. அன்றைக்குச் சாயங்காலமே “அவிங்களுக்கே தெரியலீங்க” என்று டீக்கடையில் பேச்சு. இத்தனை அடி தூரத்தில் இருக்கிற கிணற்றில் இவ்வளவு குறையலாம், இன்னது எனக்கே தெரியாது, அளந்து பார்க்க வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தால் பெரியவருக்கு நிச்சயம் புரிந்திருக்கும். அறுபது வருடமாகக் கிணற்றில் தண்ணீர் ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்து வந்தவர் அவர். படிப்பின் மேல் வெறுப்பு தானாக முளைப்பதில்லை, பாதி விதை படித்தவர்கள் போட்டது.

இந்த இடத்தில் யாராவது ஒருவர், அப்படியென்றால் படித்தவனுக்கு மட்டும் ஓட்டு வைத்துவிடலாமே என்பார். எங்கள் குரூப்பிலும் ஒரு டாக்டர் மாப்பிள்ளை அடிக்கடி சொல்வது இது. வெள்ளைக்காரன் காலத்தில் சொத்தும் வரியும் பார்த்துத்தான் ஓட்டுக் கொடுத்தார்கள், அதற்காக நாடு ஒன்றும் அறிவில் கொழிக்கவில்லை. அப்புறம் மக்கள் ஓட்டைப் பார்த்து ‘அறியாமை’ என்று முத்திரை குத்துவதில் எனக்குக் கொஞ்சம் பயம் உண்டு. ரெண்டு உதாரணம் சொல்கிறேன், ரெண்டும் நம்ம ஊர்.

பொள்ளாச்சிப் பக்கம் செங்குட்டைப்பாளையத்தில் பிறந்த சி.சுப்பிரமணியம் 1964-இல் மத்திய உணவு, வேளாண் அமைச்சர் ஆனார். அப்போது இந்தியாவில் கப்பல் வந்தால்தான் கோதுமை. அவர் செய்த முதல் வேலைகளில் ஒன்று, விவசாய ஆராய்ச்சிக் கழகத்துக்கு அதிகாரிக்குப் பதில் ஒரு விஞ்ஞானியைத் தலைவராக்கியது. 1966-இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதை வந்தது. நிதி அமைச்சர் எதிர்த்தார், இடதுசாரிகள் எதிர்த்தார்கள், இவர் டெல்லியில் தன் அரசு வீட்டுப் புல்தரையிலேயே கோதுமை போட்டுக் காட்டினார். விஞ்ஞானி சொல்வதைக் காது கொடுத்துக் கேட்ட அரசியல்வாதி என்று அவரை இன்றைக்கும் சொல்வார்கள், 1998-இல் பாரத ரத்னா கொடுத்தார்கள். ஆனால் 1967 தேர்தலில்? தோற்றார். மக்களுக்கு அறிவு இல்லை என்று சொல்லிவிடலாமா? அந்த வருடம் தமிழ்நாட்டில் அரிசிக்கு வரிசையில் நின்றார்கள், ரெண்டு வருடம் முன்னால்தான் இந்தி எதிர்ப்பில் பிள்ளைகள் செத்திருந்தார்கள், அந்தப் பக்கம் திமுகக்காரர்கள் ரூபாய்க்கு மூன்று படி அரிசி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்றார்கள். (இந்திப் பிரச்சினையில் சி.எஸ். தானே 1965-இல் ராஜினாமாக் கடிதம் கொடுத்தவர், அது வேறு கதை.) வடக்கே விளையப் போகிற கோதுமைக்காக இங்கே காலி உலையோடு ஓட்டுப் போடு என்று யாரிடம் சொல்ல முடியும்? அதை அறியாமை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இன்னொன்று மொடக்குறிச்சி. 1996 சட்டமன்றத் தேர்தலில் அந்த ஒரு தொகுதியில் 1,033 வேட்பாளர்கள். எங்கள் குறையை எவனும் கேட்கவில்லை என்று விவசாயிகள் வரிசையாகப் போய் மனுத்தாக்கல் செய்தார்கள். டெபாசிட் அப்போது 250 ரூபாய்தான். ஓட்டுச் சீட்டைப் புத்தகமாக அச்சடிக்க வேண்டி வந்தது, தேர்தலையே தள்ளி வைத்தார்கள். டெல்லிப் பத்திரிகைகள் எல்லாம் கிறுக்குத்தனம் என்கிற மாதிரி எழுதின, எங்கள் வீட்டிலும் அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கென்னவோ அதுதான் நான் பார்த்ததிலேயே அறிவான போராட்டம். ஒரு கல்லு எறியவில்லை, ஒரு பஸ் கண்ணாடி உடையவில்லை, சட்டப் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதை வரிக்கு வரி படித்துவிட்டு ஆயிரம் பேர் அதையே செய்தார்கள். தொகுதியில் திமுகவின் சுப்புலட்சுமி ஜெகதீசன் ஜெயித்தார், அது இருக்கட்டும். அதே வருடம் டெபாசிட்டை 250-இலிருந்து 5,000 ஆக்கினார்கள். கேள்வி கேட்டவனுக்குப் பதில் சொல்வதை விடக் கேள்வியின் விலையை ஏற்றுவது சுலபம் போல.

சரி, மாமாவுக்கு வருகிறேன். தேர்தல் முடிந்து ஒரு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை, நான் சொன்னது சரியாகப் போனதுதான் குற்றம். அப்புறம் ஒருநாள் அத்தைதான் போன் பண்ணி, “கண்ணு, அந்த எட்டோ ஒம்பதோ பாரம், அதைக் கொஞ்சம் போட்டுக் குடுத்துரு, உங்க மாமா கேக்கமாட்டாரு” என்றார். போய் நாலு பேருக்கும் போட்டுக் கொடுத்தேன். மாமா டிவி பார்த்துக்கொண்டே ஓடிபி நம்பரை மட்டும் வாசித்தார்.

போன வாரம் ராத்திரி பதினொன்றரைக்கு அவரிடமிருந்து ஒரு செய்தி, குரூப்பில் இல்லை, எனக்குத் தனியாக. நோட்டாவுக்கு எல்லோரையும் விட அதிகம் ஓட்டு விழுந்தால் மறுதேர்தல், நின்றவர்கள் திரும்ப நிற்க முடியாது, பகிருங்கள். கீழே, “இது நெசமா பாரு மாப்ள.”

நானும் தூக்கக் கலக்கத்தில் நீளமாக எழுதினேன். இல்லீங்க மாமா, நோட்டா 2013 உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் வந்தது, எம்எல்ஏ, எம்பி தேர்தலில் நோட்டா முதலாவதாக வந்தாலும் அடுத்தபடியாக ஓட்டு வாங்கினவர்தான் ஜெயித்தவர். மகாராஷ்டிராவிலும் ஹரியானாவிலும் உள்ளாட்சித் தேர்தலுக்கு 2018-இல் மறுதேர்தல் விதி கொண்டு வந்தார்கள்.

கொஞ்ச நேரம் டைப் செய்வது காட்டிக்கொண்டே இருந்தது.

“அப்ப முழுப் பொய்யும் இல்ல.”

ஆமாங்க மாமா, ஆனா நம்ம ஊருக்குப் பொருந்தாதுங்க என்றேன்.

“செரி. நான் சாயங்காலமே குரூப்புல போட்டுட்டேன். நீயே அங்க வந்து சொல்லிக்க.”

போய்ப் பார்த்தேன். அதற்குள் பதினோரு பேர் கட்டைவிரல் போட்டிருந்தார்கள்.